கலைமதிக்குப் பிரசவ மருந்து

தட்டில் நான்கு இட்லி வைத்திருந்தேன். இரண்டை அப்பா சாப்பிட்டு முடித்திருந்தார். மூன்றாவதைப் பிட்டுச் சட்னியில் தோய்க்கும்போது டிவியின் அடியில் ஒரு வரி ஓடியது. 'கலைமதியாக இனி இவர்.' கலைமதியின் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, கலைமதியின் சமையலறையில், கலைமதியின் டம்ளரைக் கையில் பிடித்தபடி வேறொரு பெண் நின்றிருந்தாள்.

"இது ஆரு?" என்றார் அப்பா.

"கலைமதிங்க" என்றேன், தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எனக்குக் காதுதான் போச்சு அம்மிணி. கண்ணு நல்லாத்தான் தெரியுது."

பிட்ட இட்லியைத் தட்டிலேயே போட்டார். எழுந்து போய்க் கையைக் கழுவினார். வாசலுக்குப் போனார். கேட்டின் கொண்டியைத் தூக்கும் சத்தம் கேட்டது. பிறகு போடும் சத்தம். மறுபடி தூக்கும் சத்தம். விளம்பரம் முடிந்து நாடகம் தொடங்கியும் அவர் உள்ளே வரவில்லை.

மிஷினை நிறுத்தினேன். அந்தக் கொண்டிச் சத்தம் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கொண்டிச் சத்தம்

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், ரோட்டை ஒட்டியிருக்கிறது எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். அப்பாவைப் பற்றி மட்டும் நான் இதுவரை எழுதவில்லை. எழுதும் அளவுக்கு எனக்கு அவரைத் தெரியாது என்பதுதான் காரணம்.

அம்மா போனதும் அவரை எங்களோடு கூட்டி வந்தோம். வந்த நாளிலிருந்து பேச்சில்லை. ஒரு தோசையை வைத்தால் பாதி திரும்பி வரும். கேட் வரைக்கும் போவார், கொண்டியைத் தூக்கி ரோட்டைப் பார்ப்பார், கொண்டியைப் போட்டுவிட்டு வருவார். கட்டிலில் ஐந்து நிமிடம் உட்கார மாட்டார். மறுபடி கேட். ஒவ்வொரு 'டக்'குக்கும் ஊசி என் விரலில் ஏறும்.

"ஆராவது வாராங்களாங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இல்ல. சும்மா."

ஒரு சாயங்காலம் நான் டிவியைப் போட்டுவிட்டு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஏழரை மணி நாடகம். அதில் கலைமதி என்ற பெண் இறந்துபோன தன் அப்பாவின் மளிகைக் கடையை நடத்துகிறாள். எடையில் ஏமாற்ற வந்த ஒருவனைப் பிடித்துத் திட்டிவிட்டு, அவன் போன பிறகு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். அப்பா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.

"இந்தப் புள்ள எதுக்கு அழுவுது?"

"அப்பன் இல்லீங்க அதுக்கு."

"என்னாச்சு அப்பனுக்கு?"

முன்கதை முழுவதையும் சொன்னேன். கடன்காரச் சித்தப்பா, கோயில் திருவிழாவில் நடந்த சண்டை, பெரியவருக்கு வந்த நெஞ்சுவலி எல்லாம். என் ஆயுசில் அப்பாவிடம் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அவர் உட்கார்ந்து கேட்டார். மூன்று தோசை சாப்பிட்டார்.

அதன்பின் எங்கள் வீட்டில் ஏழரை மணிக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. தலைப்புப் பாட்டுக்குத் தட்டு. முதல் விளம்பரத்துக்குச் சர்க்கரை மாத்திரை. இரண்டாவது விளம்பரத்துக்கு ரத்த அழுத்த மாத்திரை. கலைமதிக்கு நல்லது நடந்தால் இன்னொரு கரண்டி சோறு. போர்வெல் போடும் ரிக் வண்டியின் கம்ப்ரஸர் பக்கத்திலேயே நின்று காது மந்தமானவர் என்பதால் டிவி அலறும். பக்கத்து வீட்டு சரோஜாக்கா மதில் மேல் தலையை நீட்டி, "எங்கூட்டு டிவிய வித்துரலாமுன்னு இருக்கறேன் கண்ணு. உங்கப்பா போட்டா எங்க ஊட்டுக்கும் சேர்த்துத்தான் கேக்குதே" என்பாள்.

பாஸா, பெயிலா

அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். ராய்ப்பூர், நாக்பூர் என்று வண்டி போகும் இடமெல்லாம் போவார். அங்கே மழை பிடித்து வேலை நின்றால்தான் ஊருக்கு வருவார். வந்தால் பத்து நாள், பதினைந்து நாள். அதற்குள் அவர் சட்டையிலிருக்கும் கிரீஸ் வாடை வீட்டுக்குப் பழகும். பழகும் நேரத்தில் கிளம்பிவிடுவார்.

நான் பத்தாவது பரீட்சை எழுதி நான்கு மாதம் கழித்து ஒரு நாள் வந்தார். காலைக் கழுவிக்கொண்டே, "பாஸா அம்மிணி?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

கணக்கில் பெயில். அக்டோபரில் மறுபடி எழுதித்தான் தேறினேன். அவரை ஏமாற்றவேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. இன்றும் கடைக்காரர் "சில்லறை இருக்குதுங்களா?" என்றால்கூட, இருக்கிறதா என்று பார்க்காமலே "இல்லீங்க" என்று சொல்லிவிடுகிற ஆள் நான்.

அப்படிப்பட்ட அப்பா, கலைமதி நாடகத்தில் பேங்க் பரீட்சை எழுதிய வாரம் தினமும் காலையில் திருநீறு பூசும்போது, "அந்தப் புள்ள நல்லா எழுதோணும்" என்று வாய்விட்டுச் சொன்னார். முதல் நாள் அதைக் கேட்டபோது நான் ரவிக்கைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரி கோட்டை விட்டு விலகிப் போய்விட்டது. யாரோ ஒருவருடைய கல்யாண ரவிக்கை. வேறு துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன்.

ஃபேர்லேண்ட்ஸ் போய் வந்தது

ஆள் மாறிய பிறகு மூன்று நாளும் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. மாத்திரையை மட்டும் வாங்கி விழுங்கினார். நான்காம் நாள் காலையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்துகிடந்தார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பி, சேலத்துக்குக் கூட்டிப்போனோம்.

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டாக்டர். பார்த்துவிட்டு, "சாப்பிடாம மாத்திரை போட்டா இப்படித்தான். இன்னொரு தடவை இப்படி ஆனா ஆபத்து" என்றார். "மனசுல ஏதாச்சும் கவலையா பெரியவரே?"

"ஒண்ணுமில்லீங்க" என்றார் அப்பா.

எனக்குச் சொல்லக் கூச்சம். என் வீட்டுக்காரர்தான் சொன்னார். "நாடகத்துல ஒரு புள்ளைய மாத்திப்போட்டாங்க டாக்டர். அதுலருந்துதான்."

சிரிப்பார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் பேனாவை மூடினார். "எங்கம்மாவும் அதத்தான் பாக்கறாங்க. ரெண்டு நாளா என்கிட்டதான் கேக்கறாங்க, அந்தப் பொண்ணு எங்க போச்சுன்னு. நான் என்னத்தக் கண்டேன்!" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கேலி பண்ணாதீங்க. டிவிய நிறுத்தியும் வெக்காதீங்க. கூட உக்காந்து பேசுங்க" என்றார்.

பேசுங்க என்று சொல்வது சுலபம்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அப்பா, பக்கத்தில் நான். கொண்டலாம்பட்டி தாண்டியதும் அவராகவே பேசினார்.

"அது நடிப்புன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டீங்களா எல்லாரும்?"

"இல்லீங்கப்பா."

"நடிப்பு வேற. அந்த மூஞ்சி வேற. ரெண்டு வருசமாத் தெனமும் நம்ம ஊட்டுக்கு வந்துட்டிருந்த புள்ள. ஒருநா வரலீன்னா என்ன ஏதுன்னு கேக்கமாட்டமா? ரிக்கு வண்டியில ஆளு மாறுனாக்கூட, இன்னான் ஊருக்குப் போறான், இன்னான் வாரான்னு சொல்லித்தான் மாத்துவாங்க. என்னமோ ஆகியிருக்குது அதுக்கு. ஆரும் சொல்லமாட்டீங்கறீங்க."

ஓசூரில் வேலை பார்க்கும் என் மகள் செல்போனில் தேடிப் பார்த்திருந்தாள். ஒருவர் சண்டை என்று எழுதியிருந்தார், இன்னொருவர் உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தார். எதை நான் சொல்வது? அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கேள்வி வராமல் இருக்கவேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு.

"அது மாசமா இருக்குதாமுங்க. பிரசவத்துக்குத் தாய் ஊட்டுக்குப் போயிருக்குது" என்றேன்.

அப்பா கண்ணை மூடிச் சீட்டில் சாய்ந்தார். "அப்படிச் சொல்லு" என்றார். சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "பசிக்குது அம்மிணி" என்றார்.

எத்தனாவது மாசம்

அடுத்த கேள்வி வீட்டுக்கு வந்ததும் வந்தது. "எத்தனாவது மாசமாம்?"

ஏழு என்று சொல்லிவைத்தேன். எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ பெண்ணின் அப்பனும் அம்மாளும் கட்டுச்சோறு ஆக்கி எடுத்துப்போய், விருந்து வைத்து, பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவார்கள். அந்த வழக்கம் என் நாக்கிலேயே இருந்திருக்கிறது.

அப்பா சாப்பிடத் தொடங்கினார். புதுக் கலைமதியைக்கூடக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டார். "பாவம், புதுசு. பழகோணுமல்லோ" என்றார். சரோஜாக்காதான் ஒத்துக்கொள்ளவில்லை. "பழைய பாத்தரத்துக்கு ஈயம் பூசுனாப்பல இருக்குது இந்த மூஞ்சி" என்றாள்.

நாட்கள் போகப்போக எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. காலண்டரில் மாதத் தாள் மாறும்போதெல்லாம், "இப்ப அதுக்கு எட்டு நடக்கும்" என்பார். பிறகு, "ஒம்பது பொறந்துருச்சு." மிஷினை மிதித்துக்கொண்டே நான் கணக்குப் போடுவேன். பத்தாவது மாதம் முடிந்தால் என்ன சொல்வது?

"பொறந்துருச்சுன்னு சொல்லீரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆணா பொண்ணான்னு கேப்பாருங்க."

"ரெட்டைன்னு சொல்லு. ஆணொண்ணு, பொண்ணொண்ணு. அப்புறம் என்ன கேக்கப் போறாரு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் என்று தெரிந்தால் மறுபடி தட்டைத் தள்ளிவிடுவார். டாக்டர் சொன்ன ஆபத்து என் காதிலேயே இருந்தது.

வெள்ளைச் சட்டை

ஒரு நாள் காலையில் நான் துணி கொடுக்கப் போய்விட்டு வந்தால் வீட்டில் அப்பா இல்லை. அவர் செல்போன் சார்ஜரில் கிடந்தது. தோட்டத்தில் இல்லை, டீக்கடையில் இல்லை.

"வெள்ளச் சட்டை போட்டுட்டுப் போனாரு கண்ணு" என்றாள் சரோஜாக்கா. "நெம்ப வெரசலாப் போனாரு. எழவு ஊட்டுக்குன்னு நெனச்சு நானுங் கேக்கல."

என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து பைக்கில் வந்து சங்ககிரி பஸ் ஸ்டாண்டுக்குப் போனார், ரயில்வே கேட்டுக்குப் போனார். நான் ரோட்டோரம் நின்றேன். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து நின்று போனது. கையில் மாத்திரை டப்பாவை எதற்கு எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை. அதைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. காலையில் என்ன சாப்பிட்டார்? மாத்திரை போட்டாரா?

மூன்று மணிக்கு ஒரு போன். வாழப்பாடியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர். அவருடைய தந்தை அப்பாவோடு ரிக்கில் இருந்தவராம்.

"அக்கா, பயப்படாதீங்க. அப்பா இங்கதான் வந்தாரு. சாப்பாடு வாங்கிக் குடுத்து இப்பத்தான் பஸ் ஏத்திவிட்டேன். நம்பரு ஒரு துண்டுச் சீட்டுல வச்சிருந்தாரு, அதப் பாத்துதான் பண்றேன்."

"அங்க எதுக்குங்க வந்தாரு?"

"பிரசவ மருந்து வாங்கத்தான். சுக்கு, திப்பிலி, சதகுப்பைன்னு அவரே ஒண்ணு விடாம சொல்லி வாங்கினாரு. பொண்ணுக்குன்னு சொன்னாரு. உங்க தங்கச்சிங்களா?"

எனக்குத் தங்கை கிடையாது. அக்காவும் கிடையாது. அவருக்கு நான் ஒரே பெண். "ஆமாங்க" என்று போனை வைத்தேன்.

அதுவரை இருந்த பயம் இறங்கிவிட்டது. அது இருந்த இடத்தில் வேறொன்று ஏறியது. நாற்பத்தெட்டு வயதில் அதற்குப் பெயர் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அழுதாளா

ஏழு மணி தாண்டித்தான் அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை முழுக்கத் தூசி. மஞ்சள் பையை நெஞ்சோடு பிடித்திருந்தார். உள்ளே வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், பொட்டலங்களைக் கட்டிலில் வரிசையாக எடுத்து வைத்தார்.

"நல்ல சரக்கு. இடிச்சுச் சலிச்சு, டப்பாவுல போட்டு அனுப்பீரலாம். அந்த டிவி ஆபீஸ் அட்ரஸ எழுதிக் குடு அம்மிணி. கூரியர்ல போட்டா மெட்ராஸ்க்கு ரெண்டு நாள்ல போயிரும். மேல ஒரு லெட்டரும் எழுது. காரத்துக்குப் பயந்துட்டு உடாமத் திங்கோணுமுன்னு எழுது."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணால் சொன்னார்.

"அந்தப் புள்ளைக்குப் பிரசவமெல்லாம் இல்லீங்கப்பா" என்றேன்.

அப்பா நிமிர்ந்தார்.

"நாஞ்சொன்னது பொய்யிங்க. அது எங்க போச்சுன்னு ஆருக்குந் தெரியாதுங்க."

"எதுக்குச் சொன்ன?"

"நீங்க சாப்புடலீங்க. மயங்கி உழுந்துட்டீங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"கடையில பொண்ணுக்குன்னு சொன்னீங்களாமா. உங்களுக்குப் பொண்ணு நாந்தானுங்க. நான் ஒருத்திதானுங்க!"

என் குரல் மதிலைத் தாண்டியிருக்க வேண்டும். சரோஜாக்காவின் தலை மேலே வந்து, சட்டென்று கீழே போனது. என் வீட்டுக்காரர் பின்பக்கம் போய்விட்டார். ஓடிப்போய்ச் சமையலறையில் நின்றுகொள்ளலாமா என்றிருந்தது. கால் நகரவில்லை.

அப்பா ஒரு பொட்டலத்தின் நூலைப் பிரித்தார், மறுபடி சுற்றினார். வெகுநேரம் அதையே செய்தார். சரோஜாக்கா வீட்டில் டிவியைப் போட்டிருந்தார்கள் போலிருக்கிறது. நாடகத்தின் தலைப்புப் பாட்டு ஓடி முடிந்தது. அவர் திரும்பவில்லை.

"உனக்கு இதையெல்லாம் ஆரு இடிச்சுக் குடுத்தா?" என்றார்.

"அம்மாதானுங்க."

"கட்டுச்சோறு எடுத்துட்டு ஆரு வந்தா?"

"மாமனுங்க."

"நான் எங்கிருந்தேன்?"

நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்துக்கொண்டிருந்தார்.

"ராய்ப்பூருக்கு அக்கட்டால எங்கியோன்னு அம்மா சொல்லுச்சுங்க. லெட்டரு போட்டமுங்க."

"எப்ப வந்தேன்?"

"பாப்பாவுக்கு அஞ்சு மாசமாயிருச்சுங்க."

பரவாயில்லீங்க என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. முப்பது வருடமாக அதைச் சொல்லிப் பழகியிருக்கிறேன். விழுங்கிவிட்டேன். "தெனமும் எதிர்பார்த்தனுங்க" என்றேன்.

மன்னிப்பு, அழுகை என்று நாடகத்தில் வருவதுபோல எதுவும் நடக்கவில்லை. அப்பா பொட்டலங்களைத் தள்ளிவைத்துக் கட்டிலில் இடம் செய்தார். நான் போய் ரசஞ்சோறு பிசைந்து எடுத்து வந்து கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். வாயில் வைக்கவில்லை.

"ஊட்லயா, ஆசுபத்திரிலயா?"

"ஆசுபத்திரிங்க. நல்ல மழைங்க அன்னிக்கு. பஸ் இல்ல. மாமன் ஒரு முட்டை வேனை நிறுத்திப் பேசி, அதுல கொண்டுட்டுப் போனாருங்க. ஒடைஞ்சிரும் ஒடைஞ்சிருமுன்னு அந்த டிரைவர் வழியெல்லாம் கத்துனாருங்க. என்னையச் சொல்றாரா, முட்டையச் சொல்றாரான்னு அம்மா அவரு கூடச் சண்டைக்குப் போயிருச்சுங்க."

அப்பாவின் வாய் ஓரம் அசைந்தது. ஒரு கவளம் எடுத்தார். பாதி வழியில் கை நின்றது.

"பொறந்ததும் அழுதாளா?"

"அழுவலீங்க."

"அழுவலியா?"

"சத்தமே இல்லீங்க. நீலமா இருந்துச்சு மேலெல்லாம். அம்மா சேலையக் கடிச்சுட்டு நிக்குது. நர்சம்மா கால ரெண்டையும் புடிச்சுத் தூக்கி, முதுகுல தட்டறாங்க, தட்டறாங்க. எனக்குக் கண்ணு இருட்டீட்டு வருதுங்க."

"அப்புறம்?"

என் மகள் ஓசூரில் நன்றாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் அப்பாவிடம் மாத்திரைக்காகச் சண்டை பிடிக்கிறாள். போன ஞாயிறுகூடப் பிடித்தாள். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கையில் உருட்டிய சோற்றோடு, ரசம் முழங்கை வரை வழிவதும் தெரியாமல், அந்தக் குழந்தை பிழைக்குமா பிழைக்காதா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு சாமி? சொல்லு."

"அழுதுட்டாளுங்கப்பா" என்றேன்.

கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார்.